செம்புள்ளித் துவக்குக் காத்த காதை

கடல்கடந்த குளிர்நாட்டிலே, ஸ்காபரோவின் மல்வேர்னில், முதுகோடு முதுகு ஒட்டிப் பிறந்த பிள்ளைகள்போல ஒரே சுவரைப் பகிர்ந்து வரிசையில் நிற்கும் பதினாறு வீடுகளுள் பதினோராம் இலக்கத்தை ஆண்ட இராசதுரையை முதலில் வாழ்த்துவோம். மட்டக்களப்பிலே அரச திணைக்களமொன்றின் களஞ்சியத்தை இருபத்திரண்டு ஆண்டுகள் காத்து, ஒரு குண்டூசியும் தன் பெட்டி மாறிப் படுக்க விடாத பெருந்தகையை வாழ்த்துவோம். வந்த சாமான் வந்தபடி இருக்கவேண்டும் என்பதையே வேதமும் வேதத்தின் உரையுமாகக் கொண்டவனை, கடைக்காரன் சோபாவுக்குப் போட்டுத்தந்த பொலித்தீன் உறையை மூன்று கோடை கழிந்தும் கழற்றாதவனை, அவ்வுறையில் தொடை ஒட்டிய விருந்தினர் எழும்பும்போது பிறக்கும் ஓசையைத் தன் அரண்மனை முரசமாகக் கேட்டு மகிழ்ந்தவனை, தொலைக்காட்சி வந்த அட்டைப்பெட்டியையும் அட்டைப்பெட்டியைக் கட்டிவந்த கயிற்றையும் அக்கயிற்றில் தொங்கிய சீட்டையும் பேணிப் போற்றியவனை, தலைமயிர் ஒன்று நீங்கலாகக் கைக்கு வந்த எதையும் இழந்தறியாதவனை வாழ்த்துவோம். அவன் இவன் என்கிறோமே என்று அவனுடைய பெண்சாதி மனோரஞ்சிதம் கோபிக்கவேண்டாம். காவியத்துக்குள் வந்துவிட்டால் சக்கரவர்த்திக்கும் அந்த மரியாதைதான்.

எதிரியைச் சொல்லாமல் போரைச் சொல்ல முடியாது. அதே வீட்டின் நிலக்கீழ் அறையாகிய பேஸ்மென்றில், சூடேற்றும் உலையின் பக்கத்தில் பாசறை அமைத்துக் கிடந்தான் மனோரஞ்சிதத்தின் தம்பி வீரக்குட்டி. கடைசல் இயந்திரத்தில் இரும்பைக் கத்தரிக்காய்போலச் சீவும் கரத்தினன். வந்த சாமான் வந்தபடி இருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. பனி வாரும் சவளுக்குச் சைக்கிள் ஹாண்டில் பூட்டியவன் அவன். தலைமயிர் உலர்த்தும் கருவியைக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே பொருத்தி, மார்கழிக் காலையில் உறைபனியை உருக்குவேன் என்று சூளுரைத்து, உருகியது கருவிதான் என்று கண்டபின்னும் தளராதவன். அக்காவின் சாப்பாட்டு மேசையின் ஆட்டத்தை நிறுத்தப் புறப்பட்டு, ஒரு காலை அறுத்து, அதற்கு ஈடாய் மறுகாலை அறுத்து, அதன் குறை தீர்க்க மூன்றாம் காலையும் நான்காம் காலையும் அறுத்து, முடிவில் குடும்பம் முழுவதையும் நிலத்தில் சம்மணமிட்டு உண்ண வைத்த பேராற்றலன்.

இவ்விரு வேந்தரும் பகலெல்லாம் ஸ்காபரோவில் ஒரே திருகாணித் தொழிற்சாலையில் ஒருவன் களஞ்சியத்திலும் ஒருவன் இயந்திரத்திலுமாக உழைத்தார்கள். அவர்களுடைய ஃபோமன் வோல்ற்றர் என்னும் கிழவன், எண்பத்தாறாம் ஆண்டுக் கோடையில் ஓய்வுபெற்று, மனைவி டொறத்தியோடு பிக்கரிங்கில் மகள் கட்டிய புதுவீட்டுக்குப் போகப் புறப்பட்டான். மகளோ, என் வீட்டுக்குள் நாயும் வரக்கூடாது, துவக்கும் வரக்கூடாது என்று ஆணையிட்டுவிட்டாள். நாய் முந்தின வருடமே செத்திருந்தது. துவக்கு என்னும் துப்பாக்கி மிஞ்சியிருந்தது. அதை வோல்ற்றர், தன்கீழ் வேலைசெய்தவர்களிலே தான் மிகவும் நேசித்த இரண்டு பேருக்கும் சேர்த்து, பொலிஸ் பத்திரமெல்லாம் முறைப்படி எடுப்பித்து, ஒரு கம்பளியில் சுற்றிக் கொடுத்தான்.

அது சாதாரணத் துவக்கா. நகரின் மேற்கே ஏரிக்கரையில், லோங் பிராஞ்ச் என்ற இடத்தில், உலக யுத்தத்தின்போது ஆயிரமாயிரமாய்ப் பிறந்த இராணுவத் துவக்குகளிலே ஒன்று. நுனிவரை மரம் போர்த்தியது. கறுப்பு இரும்பால் ஆனது. பத்து மாதக் குழந்தையைப்போலப் பாரமும் அதைப்போலவே இடுப்பில் இருக்க மறுக்கும் குணமும் உடையது. அந்த ஆலையிலேதான் பத்தொன்பது வயது டொறத்தி வேலைசெய்தாள். சோதனையில் தேறிய துவக்கின் முன்மரத்திலே தூரிகையால் பயறளவு சிவப்புப் புள்ளி ஒன்று வைப்பது அவள் உத்தியோகம். யுத்தம் ஓய்ந்து, மிஞ்சிய துவக்குகளைக் கடைகளிலே விறகுபோலக் குவித்து விற்ற காலத்தில், வோல்ற்றர் குவியல் முழுவதையும் கிளறிப் புள்ளி நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பொறுக்கி வந்தான். வருடாவருடம் அறுவடைக்கு நன்றி கூறும் பண்டிகை நாளில், சாப்பாடு முடிந்தபின், டொறத்தி துவக்கை எடுத்து அந்தப் புள்ளியை ஒருமுறை பார்ப்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

"இந்த வருடமும் டொறத்தி அதைப் பார்க்கவேண்டும், கூட்டிக்கொண்டு வருவேன்," என்றான் வோல்ற்றர். "அவளுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. அந்தப் புள்ளி மட்டும் அப்படியே இருக்கட்டும், இராசா."

இராசதுரை நெஞ்சில் கைவைத்து வாக்குக் கொடுத்தான். ஊரிலே இதேமாதிரித் துவக்கைத் தோளில் மாட்டியவன் தெருமுனையில் தோன்றினால் வேலியோடு வேலியாக ஒட்டிக்கொண்டவன் அவன். அந்தப் பொருளை முன்னாலிருந்து மட்டுமே பார்த்துப் பழகியவன், வாழ்வில் முதன்முறையாகப் பின்னாலிருந்து பார்த்தான். உடனே, தன் பழைய தொழிலின் முறைப்படி, ஒரு சீட்டு எழுதி அதன் கழுத்தில் கட்டினான்: "மாற்றம் செய்தல் ஆகாது."

அன்று மாலையே அதன் கீழே பென்சிலால் எழுதப்பட்டிருந்தது: "ஆகும்."

இதுவே போர்முரசு. மரைமான் இறைச்சி வத்தல் தின்று வளர்ந்த வீரக்குட்டியின் நாக்கு, தொழிற்சாலைத் தோழர்கள் கார்த்திகையில் மான் வேட்டைக்குப் போவதைக் கேள்விப்பட்ட நாள்முதல் வாய்க்குள் படுக்காமல் எழுந்து நின்றது.

"அத்தான், இதுட முன்மரத்தில ஒரு முழத்தை அறுத்தெறிஞ்சா பாரம் குறையும்," என்றான். "பின்மரத்தையும் சீவி, மேல ஒரு தொலைநோக்கி பூட்டினா, வேட்டைக்குக் கொண்டுபோகலாம். இஞ்சத்த ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறாங்க."

"முன்மரத்தில புள்ளி இரிக்கு."

"புள்ளியை வடிவா வெட்டியெடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கிழவிக்குக் குடுப்பம். சுவரில கொழுவி வைச்சுப் பாக்கட்டும்."

"உன்ட மூக்கை வெட்டிச் சட்டம் போட்டு உன்ட அக்காவுக்குக் குடுக்கட்டா?"

"துவக்கை ரெண்டு பேருக்கும்தான் தந்தவர். பின்பாதி உங்கட, முன்பாதி என்ட. நான் என்ட பாதியைத்தான் வெட்டப்போறன்."

இந்தத் தருக்கத்தின் முன் இராசதுரை இடியேறு தாக்கிய பனைபோல நின்றான். பின் தேறி, மைத்துனனுடைய ஈர்வாளை ஒளித்தான். வீரக்குட்டி இன்னொன்று வாங்கினான். அதையும் ஒளித்தான், மூன்றாவது வந்தது. நான்காம் ஈர்வாள் அந்த வீட்டுப் படியேறியபோது இராசதுரை மெத்தைக்குக் கீழே இடமின்றித் தவித்தான். ஒளித்த ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டி, இலக்கமிட்டு, பதிந்தும் வைத்தான். பழக்கம் விடுமா.

இப்பெரும் போர் நடக்கையில் மனோரஞ்சிதம் எங்கிருந்தாள் என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாளொன்றுக்கு நானூறு படுக்கைவிரிப்பின் கறையோடு பொருது வீடு வருபவள் அவள். புருஷனும் தம்பியும் துவக்கு என்று வாய்திறந்தால், அடுப்புக்கு மேலிருக்கும் காற்றாடியை முழு வேகத்தில் திருப்பிவிடுவாள். ஆகவே புள்ளி என்ற சொல் அவள் செவியை ஒருநாளும் எட்டவில்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புரட்டாதியின் ஈற்றிலே, வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில், நிலத்தில் சம்மணமிட்டிருந்தபடி வீரக்குட்டி தன் பேரறிவிப்பைச் செய்தான்.

"சனிக்கிழமை காலமை ஒன்பதரைக்கு வெட்டு."

இராசதுரையின் கையிலிருந்த சோறு வாய்க்குப் போகும் வழியிலே நின்றுவிட்டது. திங்கட்கிழமை நன்றி கூறும் நாள். பகல் பன்னிரண்டு மணிக்குக் கிழவனும் கிழவியும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நடுவிலே மூன்று நாள். படையுமில்லை, அரணுமில்லை, மெத்தைக்குக் கீழே இடமுமில்லை. இப்படி நாற்றிசையும் அடைபட்ட நம் நாயகன் அண்ணாந்து பார்த்தபோது, சுவரிலே நாட்காட்டி தொங்கிற்று. நாட்காட்டியிலே திங்கட்கிழமைக்கு நேரே விசயதசமி என்றிருந்தது. மலையிடுக்கில் நீரூற்றைக் கண்ட படைத்தலைவன்போல அவன் முகம் மலர்ந்தது.

"மனோ," என்றான், தேன் சொட்ட. "நாளைக்குச் சரஸ்வதி பூசை தொடங்குது. இந்த முறை வடிவாச் செய்வம். வீட்டில இரிக்கிற ஆயுதம் எல்லாத்தையும் வை. வாள், அரம், சுத்தியல் எல்லாம். துவக்கையும் வை. அதைவிட ஆயுதம் வேற என்ன?"

பூசைக்கு வைத்த பொருளை விசயதசமிக் காலைவரை தொடக்கூடாது. ஈர்வாளும் துவக்கும் ஒரே கலைமகளின் காலடியில் மூன்று நாள் சிறை. வீரக்குட்டி உலகத்தில் எவருக்கும் அஞ்சாதவன், சரஸ்வதி ஒருத்திக்கு அஞ்சுவான். பள்ளியில் படித்த காலத்தில் பூசை நாளன்று கணக்குக் கொப்பியைத் தொட்டதால்தான் சோதனையில் தவறினான் என்பது அவன் நம்பிக்கை. மற்ற நாட்களில் அதைத் தொடாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவன் நெடுநேரம் சோற்றைப் பிசைந்தான். பிறகு சிரித்தான்.

"சரி அத்தான். விசயதசமி அண்டைக்குக் காலமை வாளை எடுத்து நல்ல வேலை ஒண்டு தொடங்கவேணும். அதானே முறை? நான் துவக்கிலேயே தொடங்குறன்."

தன் கோட்டைக்குத் தானே வாயில் திறந்து, தோரணமும் கட்டி, பகைவனுக்கு முகூர்த்தமும் குறித்துக் கொடுத்ததை இராசதுரை அப்போதுதான் உணர்ந்தான். ஆனாலும் மனம் தளரவில்லை. பூசையைப் பன்னிரண்டு மணிவரை இழுத்துவிட்டால் போதும், கிழவி வந்து புள்ளியைக் கண்டுவிடுவாள். கண்டபிறகு வெட்டுபவன் வெட்டட்டும், கொடுத்த வாக்குத் தப்பிவிடும் என்று கணக்கிட்டான்.

வெள்ளிக்கிழமை அவன் வேலைக்குப் போனான். மனோரஞ்சிதத்துக்கு லீவு. மாலையில் அவன் திரும்பியபோது, அவன் பேணிக்காத்த தொலைக்காட்சிப் பெட்டியே பீடமாக, அதன்மேல் வேட்டி விரித்து, கலைமகளின் படமும் கும்பமும் குத்துவிளக்கும் விளங்க, தையல் இயந்திரமும் சோறு அவிக்கும் மின்சாரப் பானையும் அரங்களும் புடைசூழ, மெத்தைக்குக் கீழிருந்து மீட்கப்பட்ட மூன்று ஈர்வாள்களும் நான்காவதோடு கூடி வரிசையில் படுத்திருக்க, நடுநாயகமாக நீண்ட உருவமொன்று பட்டுச் சால்வை போர்த்துக் கிடந்தது. வீட்டிலே சந்தனமும் ஊதுபத்தியும் மணந்தன. கூடவே ஏனோ தோசையும் மணந்தது. இராசதுரை விழுந்து கும்பிட்டு, அவல் தின்று, நிம்மதியாகத் தூங்கினான். மூன்று நாளும் அப்படியே.

திங்கள் விடிந்தது. விடிந்ததுமுதல் நம் நாயகன் பாடினான். சுருதியோடு சண்டையிட்டு, தாளத்தைத் துரத்திவிட்டு, ஒரு சொல்லுக்கும் மறுசொல்லுக்கும் நடுவே ஓர் ஆமை தெருக் கடக்கும் இடைவெளி விட்டு, தெரிந்த பாட்டையெல்லாம் பாடி, தெரியாத பாட்டையும் பாடினான். ஈர்வாளின் பக்கத்திலே வீரக்குட்டி, கன்றின் கயிறு அவிழக் காத்திருக்கும் பசுவைப்போல நின்றான். பதினொன்றே முக்காலுக்கு மனோரஞ்சிதம் எழுந்தாள்.

"காணும். தெய்வத்துக்கும் பசிக்கும்தானே," என்று சொல்லிக் கற்பூரம் காட்டிப் பட்டுச் சால்வையை உருவினாள்.

மின்னலென்று சொல்வதா, சூரியன் வீட்டுக்குள் புகுந்ததென்று சொல்வதா. இராசதுரை கண்ணைக் கையால் மறைத்தான். கறுத்த துவக்குக் கிடந்த இடத்திலே, கலியாண வீட்டு வெள்ளிக் குத்துவிளக்குப்போல வெள்ளை வெளேரென்று ஒரு துவக்குக் கிடந்தது.

"மனோ. இது என்ன?"

"துவக்கு."

"கறுப்பு எங்க?"

"அது ஊத்தை. நாப்பது வருசத்து ஊத்தை. பூசைக்கு வைக்கிற சாமானை ஊத்தையோட வைக்கச் சொல்லுறீங்களா? புளி போட்டு உரஞ்சினன், அரைவாசி போச்சு. மறுகா பானை விளக்கிற கம்பித்தும்பால உரஞ்சினன், முழுக்கப் போயிற்று."

"மரம்?"

"சவுக்காரமும் சுடுதண்ணியும். காஞ்ச பிறகு நல்லெண்ணெய் பூசினன்."

தோசை மணத்தின் பிறப்பிடம் அக்கணமே விளங்கிற்று. இராசதுரை முழந்தாளில் விழுந்து முன்மரத்தைத் தேடினான்.

"இதில ஒரு சிவப்புப் புள்ளி இரிந்தது."

"ஓம். ஆரோ முந்திப் பூசையில வைச்ச பொட்டு. மங்கிக் கறுத்துப்போய்க் கிடந்தது. பழம்பொட்டோட வைக்கலாமா? அதைச் சுரண்டிப்போட்டு அதே இடத்தில சந்தனம் தடவிக் குங்குமம் வைச்சிரிக்கன். பாருங்க, எவ்வளவு வடிவு."

நான்கு ஈர்வாள்களால் முடியாததை ஒரு தேசிக்காயளவு பழப்புளி முடித்தது. கொடுத்த வாக்கும் போயிற்று. கிழவியின் நாற்பத்து மூன்று வருடமும் வழித்து வடிகாலில் ஊற்றப்பட்டுப் போயிற்று. போக்கியவளோ எதிரியல்ல, பூசைக்குத் தானே பணித்த சொந்தப் பெண்சாதி. ஆயுதமிழந்த மன்னர் பலர் உண்டு. ஆயுதம் மினுங்கியதால் வீழ்ந்த மன்னன் இராசதுரை ஒருவனே.

வீரக்குட்டி ஈர்வாளை மெதுவாகக் கையிலெடுத்தான். வென்றவனின் முகம் அவனிடமும் இல்லை.

"அப்ப இனிக் காவல் வைக்க ஒண்டுமில்ல, என்ன அத்தான்," என்றான். "நல்லநேரம் போகப்போகுது. வெட்டட்டா?"

இராசதுரை முழந்தாளில் இருந்தபடியே ஒதுங்கி வழிவிட்டான். ஈர்வாளின் பற்கள் எண்ணெய் மினுங்கும் மரத்திலே போய் அமர்ந்தன. அந்த நொடியில் வாசல்மணி அடித்தது. பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள், நம்மவர்களைப்போல இரண்டு மணிக்கு வராமல், பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டார்கள்.

முன்னே வோல்ற்றர், இரண்டு கையாலும் அணைத்த பெரிய பூசணிக்காயோடு. பின்னே டொறத்தி, நீலக் கோட்டும் ஊன்றுகோலுமாக, பயறங்காய்போல ஒடுங்கிய கிழவி. பொலித்தீன் சோபாவில் அவளை இருத்தினார்கள். இராசதுரை துவக்கை இரண்டு கைகளிலும் ஏந்தி, தண்டனை கேட்கவந்த சேனாபதிபோல அவள் முன்னே நின்றான். நடந்ததை ஆங்கிலத்தில் சொல்ல மூன்று தரம் வாய்திறந்தான். "புளி" என்பதற்கு ஆங்கிலம் வரவில்லை.

டொறத்தி குனிந்தாள். மூக்கு மரத்தில் முட்டுமளவு குனிந்தாள். மரத்திலே பயறளவு குங்குமம், புதுரத்தச் சிவப்பில், மங்கிய கண்ணுக்கும் மறைக்க முடியாமல் எரிந்துகொண்டிருந்தது.

"இருக்கிறது," என்றாள் அவள். "போன வருடம் எனக்குத் தெரியவே இல்லை, வோல்ற்றர். தெரிகிறது என்று பொய் சொன்னேன். இப்போது தெரிகிறது."

வோல்ற்றர் குனிந்து பார்த்தான். வெள்ளித் துவக்கைப் பார்த்தான். இராசதுரையைப் பார்த்தான். அதற்குள் டொறத்தி விரலை நீட்டி அந்தப் பொட்டைத் தொட்டுவிட்டாள்.

தேவர்களே, திசைகாவலரே, எவராவது ஓடிவாருங்கள். விரல் திரும்பி வந்தபோது அதன் நுனி சிவந்திருந்தது. வீரக்குட்டி ஈர்வாளை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். கிழவி விரலைக் கண்ணருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள். பிறகு புருஷனிடம் ஏதோ சொன்னாள். வோல்ற்றர் சிரித்தான்.

"என்னடா சொல்லுறா?" என்று மனோரஞ்சிதம் தம்பியைக் கேட்டாள்.

"அந்தப் பெயின்ற் ஒருநாளும் வடிவாக் காயாதாம், அக்கா. மலிவுப் பெயின்றாம். அவ அப்பவே மேலிடத்துக்குச் சொன்னவவாம், ஒருத்தரும் கேக்கல்லியாம்."

டொறத்தி தலைநிமிர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். தையல் இயந்திரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. சோற்றுப் பானையில் ஒன்று. அரங்களில் ஒவ்வொன்று, மூன்று ஈர்வாள்களில் ஒவ்வொன்று, வீரக்குட்டியின் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்த நான்காவதில் ஒன்று. கடைசியாக மனோரஞ்சிதத்தின் நெற்றியில் ஒன்று. கிழவி ஒவ்வொன்றாக எண்ணுவதுபோலத் தலையாட்டினாள்.

"இந்த வீட்டில் எல்லாமே சோதனையில் தேறிவிட்டதுபோலிருக்கிறது," என்றாள்.

வீரக்குட்டி அதை மொழிபெயர்க்காமல் சமையலறைக்குப் போனான். அந்த விசயதசமியில் அவன் ஈர்வாள் செய்த முதல் வேலை, வோல்ற்றர் கொண்டுவந்த பூசணிக்காயை இரண்டாக வகிர்ந்தது. கடலையும் சர்க்கரைப் பொங்கலும் உண்டு, சோபாவிலிருந்து முரசொலியோடு எழுந்து, வாசலில் கோட்டுப் போடும்போது டொறத்தி சொன்னாள், அடுத்த வருடமும் வந்து பார்ப்பேன் என்று.

கார் மறைந்தபின் இராசதுரை பீடத்தின் முன்னே நின்று, மூவுலகும் கேட்கத் தன் பேராணையை வெளியிட்டான்: "இண்டையிலிருந்து இந்தத் துவக்கை ஒருத்தரும் வெட்டப்படாது, சீவப்படாது, புளி போடப்படாது. அந்தப் பொட்டு, கிழவி உயிரோட இரிக்கிற வரைக்கும், அந்த இடத்தில அந்த நிறத்தில இரிக்கவேணும்."

"ஒத்துக்கொள்ளுறன்," என்றான் வீரக்குட்டி. "ஆனா விரல்ல ஒட்டினா அடுத்த வருசம் பிடிபடுவம். அதை மட்டும் கொஞ்சம் மாத்திச் செய்யவேணும், அத்தான்."

வானம் அதிர்ந்திருக்கவேண்டும், ஏரி கரைகடந்திருக்கவேண்டும், சோபாவின் உறை தானாகக் கிழிந்திருக்கவேண்டும். ஏனெனில் வந்த சாமான் வந்தபடி இருக்கவேண்டும் என்பதன் காவலன், களஞ்சியக் கோமான், சீட்டுக் கட்டிய செம்மல், ஐம்பத்திரண்டு ஆண்டு வாழ்விலே முதன்முறையாக, "ஓம், மாத்துவம்" என்று தன் திருவாய் மலர்ந்தான்.

மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் மனோரஞ்சிதம் நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூட்டெக்ஸ் ஒன்று வாங்கிவந்தாள்.